முதல் டெமோ: மலையூர் பேண்டுகள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

குன்னூரில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் தகரக் கூரை போட்ட அறை ஒன்று இருக்கிறது. ஒரு காலத்தில் விறகும் உருளைக்கிழங்கு மூட்டையும் கிடந்த இடம். இப்போது ஒரு ட்ரம் கிட், இரண்டு ஆம்ப், சுவரெல்லாம் பழைய கம்பளி. ஊட்டி, கோத்தகிரி, அருவங்காடு பக்கத்துப் பிள்ளைகள் வந்து வாசிக்கிறார்கள், சிலர் டெமோவும் பதிவு செய்துகொண்டு போகிறார்கள். எல்லோரும் ஏறக்குறைய ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள், அதனால் பதில்களை எழுதி வைத்துவிட்டேன். கொடைக்கானலிலிருந்து போனில் கேட்கிறவர்களுக்கும் இதுவே பதில்.

டெமோ என்றால் என்ன? அதை விற்கலாமா, கூடாதா?

எங்கள் பாட்டு இப்படித்தான் இருக்கும் என்று இன்னொருவருக்குக் காட்டுவதற்காகப் பதிவு செய்வது டெமோ. அந்த இன்னொருவர் கம்பெனிக்காரராக இருக்கலாம், நிகழ்ச்சிக்கு இடம் கொடுக்கிறவராக இருக்கலாம், உங்களோடு புதிதாகச் சேரப்போகும் பேஸ் கிட்டார்காரராகவும் இருக்கலாம். பாட்டு புரிந்தால் போதும், பளபளப்பு தேவையில்லை.

விற்பதில் தப்பே இல்லை. ரேடியோஹெட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். பள்ளிக்கூடத்தில் வெள்ளிக்கிழமைகளில் ஒத்திகை பார்த்ததால் முதலில் 'ஆன் எ ஃப்ரைடே' என்று பெயர் வைத்திருந்தார்கள். 1991 அக்டோபரில் ஐந்து பாட்டுகளைக் கேசட்டில் போட்டு, ஆக்ஸ்ஃபோர்டில் 'மேனிக் ஹெட்ஜ்ஹாக்' என்ற ரெக்கார்டு கடையில் 3 பவுண்டுக்கு விற்றார்கள். கடையின் பெயரே அந்த டெமோவுக்கும் பெயராகிவிட்டது. அந்த ஆண்டு முடிவதற்குள் இஎம்ஐ என்ற ரெக்கார்டு கம்பெனி அவர்களை ஒப்பந்தம் செய்தது, 1992இல் பேண்டின் பெயர் மாறியது. அந்த ஐந்தில் மூன்று பாட்டுகள் 1993இல் வந்த முதல் ஆல்பத்தில் இருக்கின்றன. மீதி இரண்டு? இன்றும் ரசிகர்கள் தேடிக் கேட்கிறார்கள், அவ்வளவுதான். டெமோவில் இருக்கிற எல்லாப் பாட்டும் கரையேறியாக வேண்டும் என்று கணக்கில்லை.

பெரிய பேண்டெல்லாம் டெமோவுக்கு எவ்வளவு செலவு செய்தார்கள்?

இந்தக் கேள்விக்கு மட்டும் கொஞ்சம் நீளமாகப் பதில் சொல்வேன். காசு இல்லை என்று தள்ளிப்போடும் பேண்டுகள் நிறைய.

நிர்வாணா 1988 ஜனவரி 23 அன்று சியாட்டிலில் ரெசிப்ரோகல் ரெக்கார்டிங் என்ற சின்ன ஸ்டுடியோவுக்குப் போனது. அப்போது அவர்களுக்கு நிலையான ட்ரம்மர் கிடையாது, மெல்வின்ஸ் பேண்டின் டேல் க்ரோவரைக் கூட்டிக்கொண்டு போனார்கள். பதிவு செய்தவர் ஜாக் எண்டினோ. ஒரே மதியத்தில் பத்துப் பாட்டு, பில் 152 டாலர் 44 சென்ட். பத்தாவது பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே டேப் தீர்ந்துவிட்டது. இன்னொரு சுருள் வாங்கக் காசு செலவழிக்க மனமில்லாமல், அந்தப் பாட்டை அப்படியே மெல்ல மங்கவிட்டு முடித்தார்கள். அன்று சாயங்காலமே டகோமாவில் ஒரு நிகழ்ச்சி, அங்கேயும் இதே பாட்டுகள். எண்டினோ தனக்காக எடுத்துக்கொண்ட பிரதி சப் பாப் நிறுவனத்தின் ஜானதன் போன்மன் கைக்குப் போனது. 1989இல் வந்த முதல் ஆல்பத்தில் இந்த மதியத்துப் பதிவுகள் சில அப்படியே இடம்பெற்றன. அந்த ஆல்பத்துக்கே மொத்தம் 606 டாலர் 17 சென்ட்தான் ஆனது.

பிக்ஸீஸ் கொஞ்சம் வசதியான கதை. 1987 மார்ச்சில் பாஸ்டனில் ஃபோர்ட் அப்பாச்சி ஸ்டுடியோவில் மூன்று நாளில் 17 பாட்டு. பாடகரின் அப்பா கொடுத்த 1000 டாலர். கேசட் அட்டை ஊதா நிறத்தில் இருந்ததால் 'ஊதா டேப்' என்றே பெயர். லண்டனில் 4ஏடி நிறுவனத்தின் ஐவோ வாட்ஸ்-ரஸல் முதலில் தயங்கி, அப்புறம் அதிலிருந்து எட்டுப் பாட்டை எடுத்து அதே வருடம் 'கம் ஆன் பில்கிரிம்' என்று வெளியிட்டார். மறுபடி பதிவு செய்யச் சொல்லவில்லை, டெமோவேதான் ரெக்கார்டு. மிச்சம் ஒன்பது பாட்டு 2002இல் தனியாக வந்தது. அந்த ஒன்பதில் ஒன்றை 1989 ஆல்பத்துக்காகப் புதிதாக வாசித்தபோது, அவர்களுடைய மிகப் பிரபலமான பாட்டுகளில் ஒன்றாக ஆனது.

காசு கதையாக மட்டும் இதைக் கேட்காதீர்கள். ஒரு மதியத்தில் பத்துப் பாட்டு முடிகிறதென்றால், அந்தப் பத்தும் ஸ்டுடியோ வாசலை மிதிப்பதற்கு முன்பே கையில் தயாராக இருந்தன என்று அர்த்தம். இங்கே வருகிறவர்கள் பலர் ஒத்திகையில் மிச்சம் பிடித்து ரெக்கார்டிங்கில் செலவழிக்கிறார்கள். அதைத் தலைகீழாக்குங்கள் என்பதுதான் எனக்குச் சொல்லத் தெரிந்த ஒரே புத்திமதி.

அப்படியென்றால் நாங்களும் ஒரே நாளில் முடிக்கலாமா அக்கா?

மூன்று பாட்டு என்றால் முடிக்கலாம். பத்து வேண்டாம்.

வருவதற்கு முன் ஒரு சோதனை செய்து பாருங்கள். பாட்டை வாய்ப்பாட்டு இல்லாமல் முழுதாக வாசியுங்கள். எல்லோரும் பாடகரைப் பார்த்தே சரணத்துக்குத் திரும்புகிற பழக்கம் இருந்தால் அங்கேயே தடுமாறுவீர்கள். பிறகு பேஸும் ட்ரம்மும் மட்டும் தனியாக. கிட்டார்கள் மூடி வைத்திருந்த ஓட்டையெல்லாம் அப்போது தெரியும். இந்த இரண்டிலும் தேறிய பாட்டை மட்டும் கொண்டுவாருங்கள். போனை அறையின் மூலையில் வைத்துப் பதிவு செய்து, மறுநாள் காலையில் கேளுங்கள். அன்றைக்கே கேட்டால் எல்லாம் பிரமாதமாகத்தான் இருக்கும்.

எங்களுக்கு ட்ரம்மர் இல்லையே?

இரவல் வாங்குங்கள், நிர்வாணா செய்யாததா? இந்த மலையில் நல்ல ட்ரம்மர் வேண்டுமென்றால் முதலில் தேவாலயங்களில் விசாரிக்க வேண்டும். பாதிப் பேர் கையில் முதல்முதலாகக் குச்சியைப் பிடித்ததே ஞாயிறு ஆராதனையில்தான். டிசம்பரில் மட்டும் கேட்காதீர்கள், கேரல் ஒத்திகையில் ஆள் கிடைக்க மாட்டார்.

ஆளே வேண்டாம், எல்லாம் நானே என்று சொல்கிறவர்களுக்கும் முன்னோடி உண்டு. டேவ் க்ரோல் 1994 அக்டோபரில் ஒரு வாரத்துக்குள் ஏறக்குறைய எல்லா வாத்தியத்தையும் தானே வாசித்து ஒரு டெமோ பதிவு செய்தார். 100 கேசட் பிரதி எடுத்துத் தெரிந்தவர்களுக்குக் கொடுத்தார். தன் பெயர் தெரியக் கூடாது என்று ஒரு பேண்டின் பெயர் மாதிரி 'ஃபூ ஃபைட்டர்ஸ்' என்று போட்டார். 1995 ஜூலையில் அதுவே ஆல்பமாக வந்தது. ஆனால் அவர் அடிப்படையில் ட்ரம்மர். ட்ரம் வராதவர் இந்த வழியில் போனால் கஷ்டப்படுவார்.

க்ளிக் போட்டுத்தான் வாசிக்க வேண்டுமா?

க்ளிக் என்பது வேகம் மாறாமல் இருக்க ஹெட்போனில் ஓடும் டிக் டிக் சத்தம். அதோடு பழகியவர்கள் போடுங்கள். பழகாதவர்கள் ரெக்கார்டிங் அன்று முதல்முறையாக ஹெட்போனில் டிக் டிக் கேட்டால் நான்கு பேரும் கடிகாரத்தைத் துரத்துவார்கள். பல்லவியில் வேகம் ஒரு நூல் ஏறுவது ராக் இசையில் குற்றமே இல்லை. சரணத்தில் விழுந்துவிட்டால்தான் பிரச்சினை.

எந்த மாதத்தில் பதிவு செய்வது நல்லது?

குன்னூர், கோத்தகிரி என்றால் அக்டோபர், நவம்பர் வேண்டாம். வடகிழக்குப் பருவமழை இந்தப் பக்கச் சரிவில்தான் கொட்டும். கூடலூர், ஊட்டி மேற்குப் பக்கம் என்றால் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை தென்மேற்குப் பருவமழை. கொடைக்கானலுக்கும் ஆண்டுக் கடைசிதான் ஈரமான காலம். ஏப்ரல், மே சீசனில் மழை குறைவு, ஆனால் வெளியூர் வண்டிகளின் ஹாரன் நிற்காது. மிச்சம் ஜனவரி, பிப்ரவரி. காற்று காய்ந்திருக்கும், கூரை பேசாது. பிளஸ் டூ பசங்களுக்கு அப்போதுதான் ரிவிஷன் டெஸ்ட். வீட்டில் என்ன சொல்வீர்களோ அது உங்கள் பாடு.

தகரக் கூரையில் மழை பெய்தால் பதிவு வீணா?

பெரும்பாலும் ஆம். மழைச் சத்தம் எல்லா அலைவரிசையிலும் பரவியிருக்கும். ஆம்பின் இரைச்சலை ஈக்வலைசரில் வெட்டுகிற மாதிரி இதை வெட்ட முடியாது, வெட்டினால் சிம்பலும் பாட்டின் மூச்சும் சேர்ந்தே போய்விடும். கூரைக்கு உள்பக்கம் ப்ளைவுட் அடித்து, நடுவில் பழைய துணியை அடைத்தால் தூறல் வரைக்கும் தாங்கும். சடசடவென்று பிடித்துக்கொண்டால் டீ போடப் போகலாம்.

ஒரு முறை மட்டும் விட்டுவிட்டோம். கோத்தகிரிப் பக்கத்துப் பேண்ட் ஒன்று, மெதுவான பாட்டு. இரண்டாம் சரணத்தில் கூரையில் நாலைந்து துளி விழும் சத்தம் கேட்டது, அடுத்த வரியில் கொட்ட ஆரம்பித்தது. நான் கையை உயர்த்தி நிறுத்தப் போனேன். ட்ரம்மர் பெண் என்னைப் பார்க்கவே இல்லை. சிம்பலில் இருந்து கையை எடுத்துவிட்டு, கிக் ட்ரம்மை மட்டும் மிதித்துக்கொண்டிருந்தாள். மேல் சுருதிச் சத்தத்தையெல்லாம் மழையே பார்த்துக்கொண்டது. அந்த டேக்தான் டெமோவில் இருக்கிறது. இதைக் கேட்டுவிட்டு மழைக்காகக் காத்திருக்கிறோம் என்று யாரும் வராதீர்கள்.

குரங்கு கூரைமேல் ஓடினால் டேக்கை நிறுத்திவிடுவோம். ரயில் ஊதினால் பார்த்துச் சொல்கிறேன், சில சமயம் பாட்டின் சுருதிக்கு ஒத்துப்போகும்.

கரண்ட் போனால்? ஆம்பில் 'உம்ம்' சத்தம் வந்தால்?

பைக்காராவில் 1932லேயே மின்சாரம் எடுத்த மலை இது, ஆனாலும் காற்றடித்துக் கம்பிமேல் மரம் சாய்ந்தால் அரைநாள் இருட்டுதான். லேப்டாப்பைப் பேட்டரியில் ஓட்டுங்கள், மைக்கையும் கிட்டாரையும் லேப்டாப்போடு இணைக்கும் பெட்டியான இன்டர்ஃபேஸுக்குச் சின்ன யுபிஎஸ் போதும். ஒவ்வொரு டேக் முடிந்ததும் சேவ் செய்வதை ஒருவர் வேலையாக வைத்துக்கொள்ளுங்கள்.

'உம்ம்' என்று வருவது 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தின் சத்தம். பெரும்பாலும் எர்த் சரியில்லை என்று அர்த்தம். மலையில் பாறை நிலம், காய்ந்த மாதங்களில் எர்த் குழி வறண்டுவிடும், தண்ணீர் ஊற்ற வேண்டும். எல்லாக் கருவியையும் ஒரே ப்ளக் பாயிண்டிலிருந்து எடுங்கள். கிட்டார் கம்பியைத் தொட்டுக்கொண்டே பாடும்போது மைக்கில் உதடு பட்டுச் சுரீர் என்றால் உடனே நிறுத்திவிட்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். ப்ளக்கின் மூன்றாவது பின்னை உடைத்து சத்தத்தைக் குறைக்கலாம் என்று யாராவது சொன்னால் அந்த ஆளை அறைக்குள் விடாதீர்கள். உயிர் போகிற விஷயம்.

எங்களிடம் இருப்பது இரண்டே மைக். போதுமா?

ப்ரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் மேலே சொன்னவர்கள் மாதிரி ஆல்டர்நேட்டிவ் ராக் ஆளில்லை, ஆனால் இந்தக் கேள்விக்கு அவரைவிட நல்ல உதாரணம் இல்லை. 1982 ஜனவரியில் நியூ ஜெர்ஸியில் தன் வீட்டில் டியாக் 144 என்ற நான்கு ட்ராக் கேசட் ரெக்கார்டரில், இரண்டு ஷூர் எஸ்எம்57 மைக் வைத்துப் பேண்டுக்குக் காட்டுவதற்காகப் பதிவு செய்தார். அந்தக் கேசட்டை உறைகூட இல்லாமல் ஜீன்ஸ் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு சுற்றினார். பிறகு முழுப் பேண்டோடு ஸ்டுடியோவில் வாசித்துப் பார்த்தும் சரிவராமல், கடைசியில் பாக்கெட் கேசட்டையே 'நெப்ராஸ்கா' என்று வெளியிட்டார்கள்.

உங்கள் இரண்டு மைக்கை வைத்து இப்படிச் செய்யுங்கள். ஒன்று ட்ரம்மரின் வலது தோளுக்குமேல், ஸ்னேரையும் ஃப்ளோர் டாமையும் பார்த்தபடி. இன்னொன்று கிக் ட்ரம்முக்கு முன்னால். பேஸ் கிட்டாரை நேராக இன்டர்ஃபேஸில் சொருகுங்கள். கிட்டார் ஆம்பைக் கதவுக்கு வெளியே வராந்தாவில் வைத்துக் கம்பளி போர்த்துங்கள். ட்ரம்மும் பேஸும் ஒழுங்காக விழுந்ததும் அதே மைக்குகளைக் கழற்றி, கிட்டாரையும் பாட்டையும் ஒவ்வொன்றாகப் பிறகு சேர்க்கலாம். பாடும்போது ஒரு சாண் தூரம். மீட்டர் சிவப்பைத் தொடவே கூடாது, உச்சத்தில் மைனஸ் 10 டெசிபல் பக்கம் நின்றால் நிம்மதி.

கண்டென்சர் மைக் வைத்திருப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. மூடுபனி அறைக்குள் வந்தால் அது 'பட் பட்' என்று பொரியும். மூடி இறுக்கமான டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள். ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு பனியை ரசிக்கிற இடம் இது அல்ல.

கிட்டார் சுருதி அடிக்கடி மாறுகிறது. கிட்டார் கெட்டுவிட்டதா?

இல்லை, குளிர். கம்பி குளிர்ந்தால் சுருங்கி இறுகும், சுருதி ஏறும். வாசிக்க வாசிக்கச் சூடாகி இறங்கும். டிசம்பர் உறைபனிக் காலத்தில் ஊட்டியிலிருந்து பைக்கில் வருகிறவர்கள் கிட்டாரைப் பையிலிருந்து எடுத்து அரைமணி நேரம் அறைச்சூட்டில் விடுங்கள். ஹீட்டர் முன்னால் வைக்க வேண்டாம், மரம் பிளக்கும்.

தமிழில் பாடுவதா, ஆங்கிலத்திலா?

எந்த மொழியில் சண்டை போடுவீர்களோ அதில். மலையாளத்தில் ராக் எடுபடாது என்று சொன்னவர்கள் 2008இல் 'அவியல்' பேண்டின் ஆல்பம் வந்ததும் வாயை மூடிக்கொண்டார்கள். 2018 ஜனவரியில் சென்னையில் 'காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' மேடையேறியதும், கானாவும் கிட்டாரும் ஒன்றாக நிற்குமா என்ற சந்தேகமும் தீர்ந்தது. நீலகிரிப் படுகர்கள் பேசும் படுகு மொழியில் ஒரு டெமோ யாராவது கொண்டுவந்தால் அறை வாடகை வாங்க மாட்டேன், எழுதித் தருகிறேன்.

கோத்தர் வாத்திய இசையைப் பதிவு செய்து எங்கள் பாட்டில் சேர்க்கலாமா?

வாசிப்பவர்களிடம் கேட்காமல் கூடாது. கேட்பதும் ஒரு முறை கேட்டால் போதாது. நீலகிரிப் பழங்குடிகளான கோத்தர்களின் ஊதுகருவி, பறை இசையில் தெய்வத்துக்கான மெட்டுகள் வேறு, சாவுக்கான மெட்டுகள் வேறு. இணையத்தில் கிடைத்த ஒரு துண்டை வெட்டி ஒட்டினால், எந்தச் சடங்கின் மெட்டை உங்கள் காதல் பாட்டுக்கு நடுவில் வைத்திருக்கிறீர்கள் என்று உங்களுக்கே தெரியாது, கேட்கிற கோத்தருக்கு உடனே தெரியும். மெட்டு யாருக்கும் தனிச் சொத்து இல்லாமல் இருக்கலாம், அந்தப் பதிவுக்கு உரிமையாளர் உண்டு. அவர்களையே கூப்பிட்டு, என்ன வாசிக்கலாம் என்று அவர்களையே முடிவு செய்யச் சொல்லி, உங்களுக்குள் பங்கு போடுகிற அதே கணக்கில் பணமும் பெயரும் கொடுப்பதாக இருந்தால் செய்யுங்கள்.

ராத்திரி பதிவு செய்யலாமா?

ட்ரம் கூடாது. இரவு 10 மணிக்குமேல் காலை 6 வரை ஒலிபெருக்கி வைக்க 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளே அனுமதிப்பதில்லை. குடியிருப்புப் பகுதிக்கு இரவு வரம்பு 45 டெசிபல்தான், ஸ்னேர் ஒரு அடி அடித்தால் தாண்டிவிடும். அதோடு, இருட்டில் திரும்பிப் போகும் வழியில் தேயிலைக்குள் காட்டுமாடு நிற்கும்.

மிக்ஸ் எவ்வளவு சத்தமாக இருக்க வேண்டும்?

ஸ்பாட்டிஃபை போன்றவை எல்லாப் பாட்டையும் மைனஸ் 14 எல்யூஎஃப்எஸ் (காதுக்குக் கேட்கும் சத்தத்தை அளக்கும் அலகு) அளவுக்குச் சமன் செய்துவிடுகின்றன. நசுக்கி நசுக்கிச் சத்தம் ஏற்றினால் அவர்கள் இறக்கிவிடுவார்கள், நசுங்கியது மட்டும் மிச்சமாகும். பாட்டு வார்த்தை புரிகிறதா என்று போன் ஸ்பீக்கரில் கேளுங்கள்.

எங்கே வெளியிடுவது? பணம் வருமா?

பேண்ட்கேம்ப் டெமோவுக்குத் தோதான இடம். இலவசமாகவும் வைக்கலாம், விருப்பப்பட்டதைக் கொடு என்றும் வைக்கலாம். ஆனால் அங்கே பணம் பேபால் வழியாக வரும், பேபால் 2021 ஏப்ரலிலிருந்து இந்தியாவுக்குள்ளான பணப் பரிமாற்றத்தை நிறுத்திவிட்டது. அதனால் ஊர்க்காரர்களுக்கு ஒரு க்யூஆர் கோடு ஒட்டி வையுங்கள், நிகழ்ச்சி நடக்கும் இடத்தில் ஸ்கேன் செய்து கொடுத்துவிடுவார்கள். பெரிய ஸ்ட்ரீமிங் தளங்களுக்கு இடையில் ஒரு விநியோகஸ்தர் வேண்டும். டெமோவுக்கு அந்த அலைச்சல் எதற்கு என்பது என் அபிப்பிராயம்.

கேசட்டோ சிடியோ போடுவதாக இருந்தால் அட்டை உறை போதும். பிளாஸ்டிக்குக்குக் கெடுபிடி உள்ள மாவட்டத்தில் பாலித்தீன் சுற்றிய சிடியைச் செக்போஸ்ட்டில் விளக்கிக்கொண்டு நிற்க வேண்டாம். டேனியல் ஜான்ஸ்டன் என்று ஒருவர், 1980களில் ஆஸ்டின் நகரத் தெருவில் தன் கேசட்டுகளைத் தானே கொடுத்துக்கொண்டு திரிந்தார். ஆரம்பத்தில் பிரதி எடுக்கும் கருவி இல்லாமல், ஒவ்வொரு கேசட்டுக்கும் எல்லாப் பாட்டையும் மறுபடி முதலிலிருந்து பாடினார். நூறு பிரதி எப்படி எடுப்பது என்று கேட்கிறவர்களிடம் இதைச் சொன்னால் கொஞ்ச நேரம் பேச மாட்டார்கள்.

காப்புரிமை பதிவு செய்ய வேண்டுமா?

கட்டாயமில்லை. 1957ஆம் ஆண்டுச் சட்டப்படி, பாட்டை எழுதி வைத்த, பதிவு செய்த கணத்திலேயே உரிமை உங்களுடையது. பாட்டுக்கு எழுதியவரின் ஆயுளும் அதற்குப்பின் 60 ஆண்டும், ஒலிப்பதிவுக்கு வெளியானதிலிருந்து 60 ஆண்டும். பதிவு செய்தால் வழக்கு வரும்போது சாட்சியாக உதவும்.

அதைவிட அவசரமானது உங்களுக்குள் எழுதிக்கொள்ளும் ஒரு பக்கம். வரிகள் யாருடையவை, மெட்டு யாருடையது, ஒருவர் பேண்டை விட்டுப் போனால் டெமோ யாரிடம் இருக்கும். நட்பு நன்றாக இருக்கும்போதே எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். நான் பார்த்தவரை பேண்டுகள் உடைவது காதலால் அல்ல, ஹார்டு டிஸ்க் யார் வீட்டில் இருக்கிறது என்பதால். பிறர் பாட்டை டெமோவில் போட்டு வெளியிடுவதாக இருந்தால் உரிமையாளரிடம் அனுமதி வேண்டும். பாடிப் பழகுவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

வெளியிடாத டெமோ லீக் ஆகிவிட்டால்?

2019இல் ரேடியோஹெட் பாடகரின் பழைய மினிடிஸ்க்குகளை யாரோ திருடி 1,50,000 டாலர் கேட்டதாகச் செய்தி வந்தது. பேண்ட் என்ன செய்தது தெரியுமா? சுமார் 18 மணி நேரப் பதிவு மொத்தத்தையும் தாங்களே பேண்ட்கேம்பில் 18 பவுண்டுக்குப் போட்டு, வந்த பணத்தைச் சுற்றுச்சூழல் இயக்கம் ஒன்றுக்குக் கொடுத்துவிட்டது. உங்கள் டெமோவைத் திருடுகிற அளவுக்கு யாராவது வந்தால் முதலில் சந்தோஷப்படுங்கள், அப்புறம் நீங்களே வெளியிட்டுவிடுங்கள்.

அப்பா காலேஜில் வாசித்த பேண்டின் கேசட் பரணில் கிடைத்தது. கேட்க முடியுமா?

முடியும், ஆனால் ப்ளேயரில் உடனே போடாதீர்கள். இந்த ஈரத்தில் எந்தக் கேசட்டும் சும்மா இருந்திருக்காது. முன்பக்கச் சின்னச் சன்னல் வழியாக டார்ச் அடித்துப் பாருங்கள். டேப் சுற்றின் விளிம்பில் வெள்ளையாகச் சாம்பல் தூவின மாதிரி இருந்தால் பூஞ்சை. அப்படியே ஓட்டினால் டேப் ஒட்டி அறுந்துபோகும், ப்ளேயரில் டேப்பைப் படிக்கும் பாகமான ஹெட்டில் ஒட்டிய பூஞ்சை அடுத்த கேசட்டுக்கும் போகும். மூக்கில் முகக்கவசம் போட்டுக்கொண்டு, சிலிக்கா ஜெல்லோடு டப்பாவில் சில வாரம் காய வையுங்கள். வெயிலில் வைக்கக் கூடாது, அடுப்புப் பக்கமும் கூடாது.

பிறகு கேசட் கூட்டைப் பாருங்கள். நாலு மூலையிலும் நடுவிலும் ஸ்க்ரூ இருந்தால் நல்ல காலம், திறந்து, டேப்பை இன்னொரு நல்ல கூட்டுக்கு மாற்றலாம். ஒட்டிய கூடு என்றால் விளிம்பில் கத்தியால் மெல்லப் பிளக்க வேண்டும், அதைத் தெரிந்தவர் செய்யட்டும். டேப்புக்குப் பின்னால் செம்புத் தகட்டில் ஒட்டியிருக்கும் சின்னத் துணிப் பஞ்சு பெரும்பாலும் பசை காய்ந்து விழுந்திருக்கும். அது இல்லாவிட்டால் டேப் ஹெட்டில் அழுந்தாது, சத்தம் கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி இருக்கும். புதுக் கூட்டில் இந்தப் பிரச்சினை தானாகத் தீரும்.

ஹெட்டையும் ரப்பர் உருளையையும் ஐசோப்ரோபைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடையுங்கள். டேப்பைக் கடைசி வரை ஓட்டித் திருப்பிச் சுற்றினால் இழுவிசை சமமாகும். ஓட்டும்போது உச்ச சுருதி மங்கலாக இருந்தால், ஹெட்டின் பக்கத்தில் இருக்கும் சின்ன ஸ்க்ரூவை இம்மி இம்மியாகத் திருப்பி, சிம்பல் பளிச்சென்று கேட்கும் இடத்தில் நிறுத்துங்கள். 24 பிட்டில் வேவ் ஃபைலாக ஒரே ஓட்டத்தில் பதிவு செய்துவிடுங்கள், பாட்டுக்கு நடுவில் பேசியதையெல்லாம் வெட்ட வேண்டாம். இரைச்சலைக் குறைக்கும் வேலையைப் பிரதியில் செய்யுங்கள், மூலத்தில் கை வைக்காதீர்கள். அப்பாவைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு கேட்டால், யார் ட்ரம், எந்த வருடம், எந்தக் கூடம் என்ற விவரமெல்லாம் அவரே சொல்வார். அதையும் போனில் பதிவு செய்து ஃபைலோடு வையுங்கள்.

எங்கள் டெமோவைக் கேட்டு அபிப்பிராயம் சொல்வீர்களா அக்கா?

சொல்வேன். மூன்று பாட்டுக்குமேல் அனுப்பாதீர்கள். வாட்ஸ்அப்பில் ஆடியோவாக வேண்டாம், நசுங்கி வரும், ட்ரைவ் லிங்க் கொடுங்கள், அனுமதியைத் திறந்துவிட்டுக் கொடுங்கள். ஃபைல் பெயரில் 'ஃபைனல் ஃபைனல் நியூ 2' என்று இருந்தால் திறக்க மாட்டேன். பேண்ட் பெயர், பாட்டு பெயர், வருடம் போட்டு அனுப்புங்கள். பதில் வர ஒரு வாரம் ஆகலாம், கரண்ட் போயிருந்தால் இரண்டு.